மூன்று நாள் சொட்டு

கண்ணில் விடவேண்டிய மருந்தை நான் குளியலறைத் தண்ணீரோடு போகவிட்டேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல... இரண்டு வருடம்! டாக்டரிடம் மறைத்தேன். மனைவியிடமும் மறைத்தேன். என் கண்ணோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

எனக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும் நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். ராஜபாளையத்தில் நான் காட்டும் கண் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் முதல் நாளே சொன்னார்: காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு, ஆயுள் முழுக்க.

ஒரு மாதம் ஒழுங்காக விட்டேன். கண் எரிந்தது, சிவந்தது. நான் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலை சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்து கெடக்கு? விடியவுமே போட்டாச்சோ?"

எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் விடவில்லை. "சும்மா இருங்கண்ணே. அவிய சபையில பாட்டுப் படிக்கிற ஆளு. தொண்டை நனைஞ்சாத்தான ராகம் வரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இது மருந்து" என்று இரண்டு வார்த்தை... அது என் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை? ஐம்பது வயது ஆள்! நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் நான் சொட்டு விடவில்லை. சில நாளில் கண் வெளுத்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறையும் காலியான மருந்துக் குப்பிகளைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். நான் குப்பிகளைப் பிதுக்கிக் காலி செய்து பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மட்டும் காலையும் இரவும் தவறாமல் சொட்டு விடுவேன். கம்பெனியில் கேட்டால், கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்பேன். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தை எடுக்கிற புத்திதான்... வேறென்ன?

அந்த மூன்று நாளிலேயே அழுத்தம் இறங்கியிருந்தது. குப்பிகளும் காலி. ஆனால் பக்கப் பார்வையைச் சோதித்த தாளில் மட்டும், பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு ஒவ்வொரு தடவையும் பரவிக்கொண்டே வந்தது.

டாக்டர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொட்டு தினமும் விடுறீங்கல்ல, செல்வராஜ் அண்ணே?"

"ஆமா மேடம்."

"உங்களை மாதிரி ஒழுங்கா விடுறவங்க ரொம்பக் கம்மி. பிரஷர் சரியா இருக்கு, ஆனாலும் நரம்பு போய்க்கிட்டே இருக்கு. அப்போ கண்ணுக்குப் போற ரத்தத்துல ஏதாவது குறை இருக்கணும்."

என்னைப் போன்றவர்களின் கண்ணில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று ஸ்கேன் எடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் அவர். என்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான். படுக்கவைத்து, மூடிய இமைமேல் சில்லென்று ஒரு பசையைத் தடவினார்கள். அதன்மேல் கருவியை வைத்தார் டாக்டர். "கண்ணை உருட்டாதீங்க. மூடினபடியே நேரா பாருங்க." திடீரென்று அறையில் ஒரு சத்தம்... ஷ்ஷூக்... ஷ்ஷூக்... ஷ்ஷூக்...

"பயப்படாதீங்க. உங்க கண்ணுக்குப் போற ரத்தம்தான்."

பயப்படாமல் எப்படி? என் ரத்தம் என்னைவிட்டு வெளியே வந்து அவரிடம் பேசிக்கொண்டிருந்தது! இப்போது சொல்லிவிடும், இதோ சொல்லிவிடும் என்று காத்துக் கிடந்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதாக டாக்டர் எழுதிக்கொண்டார். நரம்புக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். "சொட்டை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

அன்று இரவிலிருந்து நான் உண்மையிலேயே சொட்டு விடுகிறேன். கம்பெனியில் என்ன சிரித்தாலும் சரி என்று விடுகிறேன். அந்தச் சத்தம் கொடுத்த பயம் அப்படி.

ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது கறுப்பு பரவவில்லை. டாக்டரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "ஒருவேளை மாத்திரை வேலை செய்யுதோ என்னவோ!" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியே பெஞ்சில் மம்சாபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள், அதே ஆராய்ச்சியில் அவளும் உண்டு. பக்கத்தில் நகர்ந்து வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நோய் நின்னுட்டாமே! நர்ஸம்மா சொன்னாவ. எதுல நின்னுச்சு? சொட்டுலயா, மாத்திரையிலயா?"

நான் தரையைப் பார்த்தேன். "மாத்திரைன்னுதான்... சொல்லுதாங்க."

"அப்பாடா! இந்தச் சொட்டு எம்புட்டுப் பாடு படுத்துது தெரியுமா? களையெடுக்கையில கண்ணு காந்துது. இனி மாத்திரை ஒண்ணு போதும். அதைத் தூக்கிப் போட்டுருதேன்."

"போடாத தாயி, எனக்கு நின்னது சொட்டுலதான்" என்று சொல்லவேண்டும். சொன்னால், இத்தனை நாள் விடாததையும் சொல்லவேண்டும். அந்த நேரம் பார்த்து நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போனேன். எழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது... இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். நிம்மதியாக இருந்தது!

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டேன். அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நர்ஸிடம் நான் கேட்கவில்லை.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்பும் வழியில் மம்சாபுரத்தில் இறங்கினேன். அவள் பெயர் தெரியும். கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஸ்டாப்பில் நின்றேன். டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"யாரைத் தேடுதிய அண்ணாச்சி? செத்த நேரமா நிக்கியளே."

"யாரையும் இல்ல... பஸ்ஸு மாறி ஏறிட்டேன்."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வருகிற புதன்கிழமை மறுபடி ஸ்கேன். சொட்டு தினமும் விடுகிறேனா என்று டாக்டர் கேட்பார். "ஆமா மேடம்" என்பேன். இப்போது அது உண்மை. முன்பு சொன்ன பொய்க்கும் இதற்கும் அவர் காதில் வித்தியாசம் தெரியாது. என் மனைவி இன்றும் என் கண்ணுக்காக ஜெபம் பண்ணுகிறாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்காகப் பண்ணு என்று நான் எப்படிச் சொல்வேன்?

என் இடக்கண்ணில் இடது ஓரம் முழுக்கப் போய்விட்டது. பஸ்ஸில் ஆள் ஏறும் படியும் இடப்பக்கம்தான். தலையைத் திருப்பினால்தான் யார் ஏறுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மம்சாபுரம் வரும்போது வலப்பக்க ஜன்னலோரம் நான் நேராகப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். பஸ் கிளம்பும்வரை தலையைத் திருப்புவதில்லை.