பிறந்த வீட்டுக் கோடி

பெங்களூர் தொம்மலூரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது முருகேஷின் போன் வந்தது. கலாவதியின் கணவர். “கலா போயிட்டா சார்” என்றார். கலாவதி சிறுநீரகம் கெட்டு, ஒரு வருடமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தவர்தான். எதிர்பார்த்த செய்திதான் என்றாலும் கீரையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கலாவதியோடு நம் ஆபீஸில் வேலை பார்த்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்கர்களின் பூர்வீகத்தைக் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுப்பது நம் பிழைப்பு. நம்மில் பலருக்குச் சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரே தெரியாது. ஊரான் வீட்டு வம்சத்தைத் தோண்டிக்கொண்டிருந்தோம். ஆண்களைப் பிடிப்பது சுலபம். பெண்கள்தான் கல்யாணம் ஆனதும் கணவரின் குடும்பப் பெயருக்குள் மறைந்துவிடுவார்கள்.

அப்படி மறைந்தவள் ஹன்னா. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஏழு பிள்ளை பெற்ற ஒரு விவசாயியின் மனைவி. அவள் யார் வீட்டுப் பெண் என்று அவளுடைய வம்சத்தில் வந்த ஒரு மூதாட்டி கேட்டிருந்தார். இரண்டு பேர் தேடிக் கைவிட்ட பிறகு அது கலாவதியிடம் வந்தது. ஆறு பிள்ளைகள் இந்தியானாவில் பிறந்திருக்க, மூத்தது மட்டும் பக்கத்து மாநிலமான ஒஹையோவில். மக்கள்தொகைக் கணக்கில் எழுதியவன் செய்த பிழை என்று நாங்கள் தள்ளியிருந்தோம்.

“தலைச்சன் புள்ள, மோகன். அம்மா வீட்டுக்குப் போயிருப்பா” என்றார் கலாவதி என்னிடம்.

மேனேஜர் சிரித்தார். “அது நம்ம பழக்கம்மா. அங்க அதெல்லாம் கெடையாது.”

“பழக்கம் இல்லாம இருக்கலாம் சார். பயம் இருந்திருக்கும்ல?”

ஒஹையோவில் தேடினார். ஒரு சிறிய ஊரின் தேவாலயப் பதிவில் அந்தக் குழந்தையின் ஞானஸ்நானம் இருந்தது. பக்கத்தில் நின்றவர்களாகக் குழந்தையின் அம்மாவழித் தாத்தா, பாட்டி பெயர்கள். ஹன்னாவின் அப்பா, அம்மா. “பேர மட்டும் தேடாதீங்க. பக்கத்துல யாரு நின்னாங்கன்னு பாருங்க” என்று அவர் அடிக்கடி சொல்வது உங்களுக்கும் நினைவிருக்கும்.

அன்று கேன்டீனில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்க, அவர் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன், சொன்னார். அவருடைய அம்மா, தன் வீட்டாரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு அப்பாவோடு ஸ்ரீராம்புரம் வந்தவர். பிரசவத்துக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. கலாவதிக்கு மூன்று வயதானபோது அம்மா இறந்தார். அப்போதும் வரவில்லை. அம்மாவுக்கு எந்த ஊர் என்று அப்பா கடைசிவரை சொல்லாமலே போய்விட்டார். கலாவதிக்குக் கூடப்பிறந்தவர்களும் கிடையாது.

“ஹன்னாவ கண்டுபிடிச்ச ஆளுக்கு இது பெரிய வேலையா? நாம தேடலாம்” என்றேன்.

“வேணாம். தேடினா கெடைச்சிடுவாங்க. கெடைச்சா, ஏன் வரலன்னு கேக்கணும். என்ன சொன்னாலும் எனக்கு ஆறாது.”

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஆனால் அதன்பின் ஆபீஸ் கதவு எப்போது தட்டப்பட்டாலும், தன்னைத் தேடி யாரோ வந்துவிட்டதுபோல் அவர் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஸ்ரீராம்புரத்துச் சந்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உடலைக் குளிப்பாட்டி முடித்ததும் காரியத்தை முன்நின்று நடத்திய அம்மாள், “பொறந்த வூட்டுக் கோடி எங்கப்பா?” என்று கேட்டார். கடைசியாகப் போர்த்தும் புதுப்புடவை பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். முருகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். நம் ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்த மாலைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

சந்து முனையில் ஒரு துணிக்கடை பாதி திறந்திருந்தது. என்ன கலர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். இத்தனை வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. ஒரு பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“நீ இன்னாவணும்ப்பா அவளுக்கு?” என்றார் அந்த அம்மாள்.

“அண்ணன்” என்றேன். முருகேஷ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கலாவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஓர் உறவுதான். அவருடைய அம்மா வீட்டார் யாராவது என்றைக்காவது மனம் மாறித் தேடிவந்து, கடைசியில் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்டால், அண்ணன் வந்து கோடி போட்டார் என்று அந்தச் சந்து சொல்லும். பூர்வீகம் தேடுகிறவனுக்கு அது தப்பான தகவல். அதை நான் திருத்தப் போவதில்லை.