அடுக்களையில் ஊறிய தண்ணீர்

மலைச்சரிவில் குடியிருப்புக்கு மேற்புறம் மரம் வெட்டவோ மண் எடுக்கவோ எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். அனுமதி தருமுன் அதிகாரி அந்த இடத்தை நேரில் பார்வையிட வேண்டும். விதி இவ்வளவுதான். குழப்பமில்லாத, நல்ல விதி. 'நேரில்' என்பதற்கு மட்டும் அதில் விளக்கம் கிடையாது. சாலையோரம் ஜீப்பை நிறுத்தி, உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்ப்பதும் நேரில் பார்ப்பதுதான் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது குன்னூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்து, ஊருக்கு வெளியே ஒரு சரிவில், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் கீழ்க்கோடி வீட்டில் மனைவியோடு குடியிருந்தேன். இலங்கையிலிருந்து திரும்பியவர்கள் குடும்பம் குடும்பமாக மலைக்கு வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மேல்கோடி வீட்டில் ஒரு கணவன், மனைவி, கைக்குழந்தை. கண்டிப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள். இங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் கூலிவேலை. எங்கள் அதிகாரிகளின் பங்களாக்கள் எதிர்மலையில் பாறைமேல் இருந்தன. நாங்கள் மண்மேல் இருந்தோம்.

எங்கள் வரிசைக்கு நேர் மேலே சோலை மரங்கள் அடர்ந்து நின்றன. ஒரே கோடையில் அவை இல்லாமல் போயின. செல்வாக்குள்ள ஒருவருக்கு அங்கே விருந்தினர் பங்களா வரப்போகிறதாம். ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாராம். டீக்கடையில் இதைச் சொன்ன யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. பஸ் எப்போது வரும் என்று சொல்கிற தொனிதான்.

மழை பிடித்ததும் என் வீட்டுக் கதவு நிலையில் சிக்க ஆரம்பித்தது. மரக்கதவு, ஈரத்தில் ஊதியிருக்கும் என்று இழைக்கச் சொன்னேன். இழைத்த மறுவாரம் மறுபடி சிக்கியது. ஊதியது கதவில்லை, நிலை சாய்ந்திருந்தது. கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். வரிசை வீடுகளின் முதுகுக்குப் பின்னால், கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை, மண்ணில் ஒரு வெடிப்பு ஓடியது. என் விரல் உள்ளே போயிற்று.

டீக்கடையில் சொன்னேன். "மலை எறங்குதுங்க."

கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "மலை எறங்குதுங்களா, நீங்க எறங்கறீங்களா? டிரான்ஸ்பர் வந்துருச்சுன்னா நேரா சொல்லுங்க, பழைய பாக்கிய முடிச்சுக்கலாம்."

சமவெளிக்குப் போவதை அங்கே 'இறங்குவது' என்பார்கள். கடை முழுக்கச் சிரித்தது.

மேலே நடக்கும் வேலையை நிறுத்தக் கேட்டு, குடியிருப்பவன் என்ற முறையில் என் பெயரில் மனு எழுதினேன். விதியைச் சுட்டி, உரிய வழியில், உரிய நகல்களுடன். எங்கள் தலைமை எழுத்தர் அதை இருமுறை படித்தார். "ஏனுங்க, உங்க மனுவுல ஒரு கொறை சொல்ல முடியாதுங்க," என்றார். "அதுனாலயே பதில் வராதுங்க. கொறை இருந்தா திருப்பி அனுப்பவாவது ஒரு ஆளு எடுத்துப் படிப்பான்."

அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்தது. ஒரு காலையில் மேல்கோடி வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

"ஐயா, வந்து பாருங்களேன். இனி பைப்படியில போய் சண்ட போடத் தேவையில்ல."

அவளுடைய அடுக்களையில், அடுப்புக்குப் பக்கத்தில், மலையை ஒட்டிய சுவரின் அடியிலிருந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கண்ணாடி போலத் தெளிவு. கை வைத்தேன், எலும்பு வரை குளிர்ந்தது. வேர்கள் பிடித்துவைத்திருந்த மழையெல்லாம் இப்போது மலைக்குள் இறங்கி, வெளியேற வழி தேடி, இந்தப் பெண்ணின் அடுப்படிக்கு வந்திருக்கிறது. நான் கையை வெடுக்கென எடுத்ததற்குக் குளிர்தான் காரணம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இது நல்லதில்லம்மா. மலை எறங்குது."

"மலை இல்லீங்க ஐயா, மாரியம்மா எறங்குறா. அங்க எங்க லயத்துக்கு மேலதான் அவ கோயிலு. விட்டுட்டு வந்துட்டோமேன்னு அழுதுகிட்டிருந்தோம். தேடிக்கிட்டு வந்துட்டா."

வெள்ளிக்கிழமைக்குள் அங்கே மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையும் ஏறிவிட்டன. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேலே மரம் வெட்டிய ஒப்பந்தக்காரர் கருங்கல் பலகை ஒன்று கொடுத்து, பூஜைக்கும் வந்து, முதல் தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தலைமை எழுத்தர் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். "இப்ப அது வழிபாட்டு எடமுங்க. அதுல போயி யாருங்க கை வெப்பாங்க?" என்றார். என் மனைவியே, "ஏனுங்க, நாமளும் ஒரு தேங்கா ஒடச்சுட்டு வந்தா என்னங்க?" என்றாள்.

அலுவலகத்துத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டால் என் பேனா நின்றுவிடும். மற்றவர்கள் போண்டாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள். "மழ முன்ன மாதிரி இல்லீங்க, பேஞ்சா கொட்டுது, இல்லாட்டி காயுது," என்று யாராவது சொல்வார். மற்றவர்கள் ஆமோதித்துவிட்டுச் சட்னி கேட்பார்கள். இன்று குன்னூரில் மின்விசிறி வாங்குகிறவர்களும் அதே குரலில்தான் பேசுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் கணவனிடம் மன்றாடிப் பார்த்தேன். குழந்தையை நினைத்தாவது வீட்டை மாற்று என்றேன்.

"அங்க காடையனுங்க வந்து லயத்துக்குத் தீ வச்சானுங்க ஐயா. கப்பலேறினோம். மண்டபம்ங்கிற ஊர்ல முகாமு. பொறகு இங்க. போன எடத்துல எல்லாம் எப்ப போவீங்கன்னுதான் கேட்டாங்க. இந்த மாரியம்மா ஒருத்திதான் இருங்கன்னு சொல்லியிருக்கா."

இதற்கு எந்த விதியிலும் பதில் இல்லை. ஆனால் சர்க்கார் விதிகளைத் தவிரவும் விதிகள் உண்டு. ஐப்பசி மழை வலுத்த அன்று அந்தப் பெண்ணிடம் போய்ச் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"ஏம்மா, அம்மன் இருக்கிற எடத்துல கருவாடு வறுக்கலாமா? கொழந்த மூத்திரத் துணிய அலசலாமா?"

அவள் முகம் வெளிறிப்போனது. அன்று மாலைக்குள் சாலைக்கு அப்பால் காலியாகக் கிடந்த விறகுக் கிடங்குக்குச் சட்டிபானையோடு மாறிவிட்டார்கள். அடுத்த இரண்டு வீட்டுக்காரர்களும், சுவர் ஒன்றுதானே, தீட்டு ஒட்டும் என்று கூடவே போனார்கள். என் வேலைக்காலத்தில் ஒரு விதிக்கு மக்கள் இவ்வளவு உடனே கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே, ஒரு மத்தியானம், மலை இறங்கியது. லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம்; ஆனால் நிற்கவேயில்லை. அலுவலகத்திலிருந்து ஓடினேன். மேல்கோடியில் மூன்று வீடுகள் இல்லை. சிவப்பு மண்ணும் அதில் தலைகீழாக ஒரு மரத்தின் வேரும்தான் இருந்தன. என் மனைவி சாலையில் நின்றாள், காலில் செருப்பில்லாமல். பக்கத்தில் அந்தப் பெண், இடுப்பில் குழந்தையோடு. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாத்தீங்களா ஐயா. மாரியம்மா முன்னாடியே போகச் சொல்லிட்டாளே."

நான் என் செருப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தேன்.

ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று ஊர் முடிவு செய்தது. டீக்கடைக்காரர், "எறங்க வேண்டியது எறங்கிருச்சுங்க, இனி பயமில்ல," என்றார். மண்ணை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தக்காரரின் லாரிகள் மறுபடி மேலே ஏறின. அதே இடத்தில் சின்னதாகக் கோயில் கட்டித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். கோயிலை ஒட்டிக் குடிசை போட்டுக்கொள்ளவும் சொன்னார். கோயில் வேறு, குடிசை வேறு என்பதால் இப்போது தீட்டும் இல்லை. என் சாமர்த்தியம் அதோடு தீர்ந்தது. மனுவுக்கு இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். மனைவி பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்தாள்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. இடம் நேரில் பார்வையிடப்பட்டது, மேற்படி சரிவின் கீழ் மனுவில் கண்ட குடியிருப்பு ஏதும் காணப்படவில்லை, எனவே விதி பொருந்தாது, மனு முடிக்கப்படுகிறது. இன்னும் விழாத என் வீட்டு வாசலில் நின்று படித்தேன். மேலே அந்த மேல்கோடி வீட்டுக்காரன் புதுக் குடிசைக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி குழந்தையை அந்த மண்ணில் இறக்கிவிட்டிருந்தாள். அது தவழ்ந்து மலைப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை, லாரிச் சத்தம். கையிலிருந்த கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். கணக்கு வருடம் முடிவதற்குள் நிலுவையில் உள்ள மனுக்களையெல்லாம் எப்படியாவது முடித்துவிட வேண்டிய நாள் அது: மார்ச் முப்பத்தொன்று.