கானலா, கல்லா

சவரிராஜுக்குச் சுரங்கத்தில் இரண்டு பெயர்கள். நேரில் சர்வேயர் சார். முதுகுக்குப் பின்னால் ‘கானல்’.

வரதராஜன்பேட்டை முந்திரிக்காட்டுக்காரர். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகப் பாறைச் சுவர்களை அளந்துகொண்டிருக்கிறார். மேற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. நானூறு மீட்டர் தள்ளி, பள்ளத்தின் இந்தக் கரையில் கருவியை நிறுத்தி அதைப் பார்த்தால், சுவர் கொஞ்சம் இறங்கினாலும் தெரிந்துவிடும். ஆனால் விடிந்ததும் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பள்ளத்துக் காற்று கொதித்து, கண்ணாடி நின்ற இடத்தில் நிற்பதாகத் தெரியாது. மேலும் கீழும் நெளியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஓர் உச்சிவெயிலில் அந்த நெளிவை நம்பி, சுவர் இறங்குகிறது என்று எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார். சுவர் சிவனே என்று நின்றது. பொக்லைன் ஓட்டும் வீரமுத்து அன்று வைத்த பெயர்தான் கானல். மனுஷன் கூனிக்குறுகிப் போனார். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. சுவரை ஒட்டி, அசையாத அடிப்பாறையில் இன்னொரு கண்ணாடியைப் பதித்தார். அது நகர்ந்ததாகத் தெரிந்தால் காற்றின் வேலை என்று அர்த்தம். அதற்குச் ‘சாட்சி’ என்று பெயர் வைத்தார்.

இந்த ஐப்பசியில் ஒரு நாள், இரவெல்லாம் மழை கொட்டி, காலையில் பனிமூட்டம் எதிர்ச் சுவரை மறைத்துவிட்டது. அளவு எடுக்காமலே மேனேஜர் அறிவுச்செல்வன் பதினோரு பேரைக் கீழே இறக்கிவிட்டார். பனி விலகியதும் வெயில் சுள்ளென்று அடித்தது. ஈரப் பாறையிலிருந்து ஆவி கிளம்பியது. அளப்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. பன்னிரண்டு மணிக்குச் சவரிராஜ் கருவியில் கண்ணை வைத்தார். சுவர்க் கண்ணாடி பத்து மில்லிமீட்டர் இறங்கியதாகக் காட்டியது. மறுபடி பார்த்தால் மூன்று. அடுத்து பதினாறு.

இன்னொரு தடவை பொய்யாகக் கூப்பிட்டால், அப்புறம் நிஜமாகவே கூப்பிடும்போது ஒருவனும் ஏறி வர மாட்டான். கூப்பிடாமல் விட்டாலோ, பதினோரு உயிர்.

சாட்சியை ஒரு தடவை, சுவரை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக் குறித்தார். முப்பது முறையாவது பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். சாட்சி மேலே ஐந்து போனது, கீழே ஆறு வந்தது, திரும்ப மேலே போனது. காற்று ஆட்டினால் அப்படித்தான், போனது திரும்பி வரும். சுவர்க் கண்ணாடியும் ஆடியது. ஆனால் முன்பு அளந்து வைத்த உயரத்துக்கு மேலே ஒரு தடவைகூட ஏறவில்லை. பதினெட்டாவது தடவையோடு பேனாவை எறிந்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தார்.

“எல்லாரும் ஏறி வாங்க! மெஷினை அப்படியே போட்டுட்டு வாங்க!”

“ஆரம்பிச்சுட்டாருடா கானலு,” என்று வாக்கியிலேயே வீரமுத்து சிரித்தான். முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தார்கள்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று. சுவர் நின்றது. அறிவுச்செல்வன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஏன் சார், மறுபடியுமா? வெயில்ல அளக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“வெயிலையும் சேர்த்துத்தான் சார் அளந்திருக்கேன்,” என்று நோட்டை நீட்டினார் சவரிராஜ். மேனேஜர் அதை வாங்கவே இல்லை.

“வீரமுத்து, போய் மெஷினை எடு.”

மேனேஜர் சொல்லை மீறி ஓர் ஆளைத் தடுக்கச் சவரிராஜுக்கு ஏது அதிகாரம்? வீரமுத்து சாவியோடு நாலு எட்டு நடந்தான். பிறகு நின்று திரும்பினான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சார், வூட்டுல புள்ளைங்க இருக்கு. நெசமா சொல்லுங்க. கானலா, கல்லா?”

“கல்லுப்பா.”

வீரமுத்து மேனேஜரைப் பார்த்தான். சவரிராஜைப் பார்த்தான். திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அறிவுச்செல்வன் கத்திக்கொண்டிருக்கும்போதே மேற்குச் சுவர் இறங்கியது. புழுதி அடங்கக் கால் மணி நேரம் பிடித்தது. பொக்லைன் நின்ற இடம் கற்குவியலாகக் கிடந்தது. அதன் சாவி வீரமுத்துவின் கையில் இருந்தது.