பூட்டிய வீட்டுக்கு பில்

மீட்டர்காரருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. வீடு வீடாகப் போய் மின் மீட்டரைப் பார்ப்பார், பில் கொடுப்பார், வசவு வாங்குவார். வசவில் பெரும்பங்கு, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போனவர்களுடையது.

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க பணம்?"

"லைன் உங்க பேர்லதானே இருக்கு," என்பார், ஒரு 'சார்'கூடப் போடாமல், தலையையும் நிமிர்த்தாமல்.

எந்தத் தெருவுக்கு என்றைக்கு வருவார் என்று சொல்லும் இணையப் பக்கம் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டு, அவர் இணையத்தில் சர்வரை வாடகைக்குத் தரும் ஒரு கிளவுட் நிறுவனத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினார். கார்டு எண் கேட்டார்கள். இலவசம்தானே என்று கொடுத்தார். மனைவியைத் தவிர ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கவில்லை. இரண்டே வாரத்தில் சர்வரை நிறுத்தினார், ஸ்விட்சை அணைத்த நிம்மதியில் அதை மறந்தும் போனார்.

மூன்றாம் மாதம் கார்டில் பணம் பிடித்திருந்தார்கள்.

"ஓசின்னு சொன்னீங்க," என்றாள் மனைவி.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"நிறுத்தி வச்ச சர்வருக்கு எதுக்கும்மா பணம்?"

"சர்வருக்கு இல்ல சார். அதுக்குன்னு ஒரு இணைய முகவரி ஒதுக்கிக் குடுத்தோம். அத நீங்க திருப்பிக் குடுக்கல. உங்க பேர்லதானே இருக்கு."

மீட்டர்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா," என்றார். "நீ பரவால்ல. சார்னாவது சொல்ற."