பூதம் எதைப் பார்க்கிறது

எங்கள் ஊர் ஆவூர் மாதா கோவிலில் பக்கப் பீடம் ஒன்றில் ஒரு சம்மனசின், அதாவது தேவதூதரின், சுரூபம் இருந்தது. கையில் ஈட்டியோடு, பசாசின் முதுகில் கால் வைத்து நிற்கும். எல்லோரும் சம்மனசைப் பார்த்துக் கும்பிடுவார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் கீழேதான் போகும். மிதிபட்டுக் கிடக்கும் அந்தப் பசாசின் நகம், வால், மடங்கிய இறக்கை எல்லாம் எனக்கு மனப்பாடம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கரித்துண்டால் தரையில் வரைவேன். மாதா படம் இருக்கிற வீட்டில் இதென்ன கூத்து என்று அம்மா ஈரத்துணியால் துடைத்துவிடுவாள்.

ஆசிரியைப் பயிற்சி முடித்து, விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளிக்கு வேலைக்குப் போனபோது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டை ஒட்டினாற்போல் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினேன். சாயங்காலம் மணி அடித்ததும் பிள்ளைகள் மாட்டை ஓட்டிவரப் போய்விடுவார்கள். மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆள் கிடையாது. மயில் அகவுவதும் வீட்டுக்காரர் இருமுவதும்தான் கேட்கும். திருச்சிக்குப் போனபோது ஒரு புட்டி இந்தியன் இங்க்கும் நிப்பும் வாங்கி வந்தேன். யாரும் துடைக்காத அறை என்பதால் பூதங்கள் பெருகின.

அப்போது புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் பத்திரிகைகள் பல வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்குவேன். ராட்சதன், பறக்கும் குதிரை, ஏழு தலை நாகம் என்று பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒரு சனிக்கிழமை, அதில் வந்த கதைகளுக்கு நான் வரைந்த படங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். பத்திரிகை ஆசிரியர் புரூஃப் திருத்திக்கொண்டே படங்களைப் புரட்டினார். மாடியில் ஓவியர் இருக்கிறார், அவர் சரி என்றால் சரி என்று அனுப்பிவிட்டார்.

ஓவியருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சட்டைக் கையெல்லாம் மைக்கறை. என் படம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். கீழே அச்சு இயந்திரம் ஓடுகிற அதிர்வு என் காலில் தெரிந்தது. பிறகு, "நீங்க இதை எங்கிட்டுப் பாத்து வரைஞ்சீங்க?" என்று கேட்டார்.

கோவிலைப் பற்றிச் சொன்னேன்.

"அதான். கதையில இது எந்திரிச்சு நின்னு ராஜகுமாரனை மறிக்குது. ஆனா ஒங்க பூதத்து முதுகுல இன்னும் அந்தக் கால் இருக்குங்க. பாருங்க, தோள் எப்படி அமுங்கியிருக்குன்னு."

பார்த்தேன். இருந்தது. இத்தனை வருஷமும் என் கைக்குத் தெரியாமல் அந்தக் காலையும் சேர்த்தே வரைந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. என் படத்தை அதற்கு முன் யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அதன்பின் மாதம் ஒருமுறையோ இருமுறையோ அந்த மாடிக்குப் போனேன். என் படங்களும் பத்திரிகையில் வரத் தொடங்கின. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டானது. அடுத்தவர் படத்தில் பென்சில் படக்கூடாது. மேலே மெல்லிய டிரேசிங் தாளை வைத்து, சொல்ல வேண்டியதை அதில்தான் வரைந்து காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிட்டுப் போகலாம். அச்சுக்கு உலோகத் தகட்டில் பிளாக் செய்தால் எந்தக் கோடு நிற்கும், எது அறுந்துபோகும், நெருக்கமான கோடுகள் மலிவுத் தாளில் எப்படி அப்பிக்கொள்ளும் என்றெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சாம்பல் நிறத்துக்கு அந்த அச்சில் இடமில்லை. கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் காடு வரைவதில் பெயர் வாங்கியவர். ஒருநாள் ஒரு முழுப்பக்கக் காட்டைக் காட்டி எப்படி இருக்கிறது என்றார். மரம் மரமாக, இலை இலையாக, அத்தனை நேர்த்தி. "இந்தக் காட்டுல யாரும் தொலைய மாட்டாங்க சார்" என்றேன். "அத்தனை மரத்தையும் எண்ணிப்புடலாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. டிரேசிங் தாளை நீட்டினார். பாதி மரங்களைக் கறுப்பில் மூழ்கடித்துக் காட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார். இதோடு பேச்சு நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். அடுத்த இதழில் அந்தக் காடு வந்தது. வழியே இல்லாத, இருட்டான காடு. வகுப்பில் ஒரு சிறுமி அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கதையைப் படித்தாள். அதை அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசியதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறார், ஊர் அறந்தாங்கிப் பக்கம் என்பது தெரியும். என் தம்பி மலேயாவுக்குப் போனதையும் அம்மா இறந்ததையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். ஆனால் அந்த மாடியில் அரை நாள்தான் இருக்க முடியும். அதைப் படங்களுக்கே வைத்துக்கொண்டேன்.

பத்திரிகை சில வருஷங்களில் நின்றுபோனது. அப்போது வந்துகொண்டிருந்த பலவும் ஒவ்வொன்றாக நின்றன. அவர் கடைகளுக்குப் போர்டு எழுதினார், பஸ்களுக்குப் பெயர் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். பிறகு குடும்பத்தோடு அறந்தாங்கிக்கே போய்விட்டார்.

நான் வரைவதை நிறுத்தவில்லை. சாயங்காலம் என்று ஒன்று தினமும் வந்தது. அதை என்ன செய்வது? கூட வேலை பார்த்த டீச்சர்களிடம் காட்டினால் நல்லாருக்கு என்பார்கள், அடுத்த நொடி பிள்ளைகளின் வருகையைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர், இதையெல்லாம் பார்த்தால் ராத்திரி தூக்கம் வருமா என்று கேட்டார். சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவை அப்படியே திரும்பி வந்தன. படங்களைத் தகரப் பெட்டியில் அடுக்கினேன். பெட்டி நிறைந்ததும் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். யாராவது ஒருவர், இந்தக் கை தப்பு என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்று அறந்தாங்கியில் நடந்தது. பெட்டியிலிருந்து நல்லவை என்று நான் நினைத்த படங்களை எடுத்துக்கொண்டு போனேன். ஓவியரைப் பற்றி விசாரித்ததில், மாமனாரின் பாத்திரக்கடையில் இருக்கிறார் என்றார்கள்.

கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்து, "வாங்க டீச்சர், வாங்க" என்றார். கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முறத்தில் அவரைக்காயோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

படங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாங்கி, சற்றுநேரம் வைத்திருந்து, "ரொம்ப நல்லாருக்குங்க" என்றார். அடுத்ததற்கும் அதையே சொன்னார். அதற்கடுத்ததற்கும். மற்ற டீச்சர்கள் சொல்கிற அதே சொல். இத்தனை வருஷம் கழித்து வந்தவளை நோகடிக்க வேண்டாம் என்று நினைக்கிறார்போல. கடைசிப் படம், ஒரு பெரிய மொட்டைத் தலைப் பூதம் குளக்கரையில் உட்கார்ந்திருப்பது. வெகுநாள் பாடுபட்டு வரைந்தது.

"இந்த நெலா நல்லா அமைஞ்சிருக்கு" என்றார்.

அந்தப் படத்தில் நிலா இல்லை.

"அது நெலா இல்லை சார். தலை" என்றேன்.

அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. அவர் படத்தை மடியில் வைத்து அதன் ஓரங்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நடுவுல தெரியிறதில்லைங்க" என்றார். "ரெண்டு கண்ணுலயும். ஓரத்துல இருக்கிறது தெரியுது. எதை நேராப் பாக்குறேனோ அது அழிஞ்சு போயிருது. மதுரையில காட்டியாச்சு. ஒண்ணும் செய்யிறதுக்கில்லைன்னுட்டாங்க."

எத்தனை நாளாக என்று அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டேன். போர்டு எழுதுவதை நிறுத்தியதே அதனால்தான் என்றார் அந்த அம்மாள். மாமனாரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லையாம். படங்களைச் சுருட்டத் தொடங்கினேன். காகிதச் சத்தம் கேட்டு அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"சுருட்டாதீங்க. என்ன வரைஞ்சிருக்கீங்கன்னு வாயால சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். ஒரு குளம், கரை, கரையில் பூதம், கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கிறது, பின்னால் பனைகள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதைப் பாக்குது?"

படத்தைப் பார்த்தேன். கண்களை எவ்வளவு கவனமாக வரைந்திருந்தேன். இமையில் ஒவ்வொரு முடியாக. ஆனால் அந்தக் கண்கள் குளத்தைப் பார்க்கவில்லை, பனையைப் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை.

"எதையும் பாக்கலை சார்."

"அப்ப எதுக்கு அங்கிட்டு வந்து உக்காந்திருக்கு?"

குளக்கரைப் படத்தைத் தனியே எடுத்து வைத்தேன். மீதிப் படங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்ல முடியாமல் திணறிய இடமெல்லாம் படத்திலும் தப்பாக இருந்தது. பேசி முடித்தபோது காபி ஆறி ஆடை படிந்திருந்தது. அவர் மனைவி வேறு போட்டுக் கொண்டுவந்தார்.

அதன்பிறகு பள்ளி விடுமுறைகளில் போனேன். அவர் மனைவியும் கூட உட்கார்ந்து கேட்பார். சில சமயம், "அது பாவம், ஒத்தையா நிக்கிது" என்று ஏதாவது சொல்வார். ஒருமுறை விடுமுறை முழுவதும் செலவழித்து, பள்ளியில் வரைபடம் ஒட்டுகிற பெரிய தாளில் ஒரு படம் வரைந்தேன். நடுவில் ஒன்றும் போடவில்லை. வெறும் வெள்ளை. நான்கு ஓரத்தையும் சுற்றி ஒரே பூதம். மேலே கொம்பு, இரு பக்கமும் தோளும் கையும், கீழே விரிந்த பாதங்கள். நுணுக்கமான கோடே கிடையாது, எல்லாம் தடித்த கறுப்பு.

அவருக்கு எதிரே சுவரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகம் நடு வெள்ளையை நோக்கியே இருந்தது. மெதுவாக அவர் கை உயர்ந்து, காற்றில் அந்தக் கொம்பின் வளைவை வரைந்தது. தோளுக்கு இறங்கியது. பாதம் வரை போனது. அவர் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியுதுங்க" என்றார். பிறகு, "எடது தோள்ல கறுப்பு ஜாஸ்தி. சாயிது" என்றார்.

அது உண்மைதான். சாய்ந்துதான் இருந்தது. அந்தப் படத்தை அவர்களிடமே விட்டு வந்தேன்.

அடுத்த கோடை விடுமுறைக்கு நான் போனபோது பாத்திரக்கடை இருந்த இடத்தில் துணிக்கடை இருந்தது. மாமனார் இறந்துவிட்டாராம், கடையைக் கொடுத்துவிட்டு, மனைவியின் அண்ணனோடு வடக்கே எங்கோ போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று துணிக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. எதிர்க்கடையிலும் கேட்டேன். பஸ் வருகிற வரை கையிலிருந்த சுருளோடு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகும் வரைந்துகொண்டுதான் இருக்கிறேன். முடித்ததும் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே உட்கார்ந்து, அதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன். சொல்லிவிட்டு, எதிர்க்கேள்விக்கு இடம் விட்டுச் சற்று நிறுத்துவேன். ஒருநாள் வீட்டுக்காரர் சம்சாரம் கதவைத் தட்டி, "யாருகூட டீச்சர் பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

படம் போடுகிறேன் என்றேன். எட்டிப் பார்த்தார், அறையில் வேறு யாரும் இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.