ரெண்டு எஞ்சின் வண்டி

இந்தக் காலத்து ஜனங்களிடம் எதைச் சொன்னாலும் "வீடியோ இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சாவு வீட்டிலும் போனைத் தூக்கிப் பிடிக்கிற ஜனம். என்னிடம் வீடியோ இல்லை. நான் அஞ்சாவதோடு நின்றவன். வைத்திருப்பது பட்டன் போன். ஆனால் இது நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாப்பிள்ளைக்கும் தெரியும். நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

போன ஆனி மாதம். என் மகள் கலைப்பிரியாவுக்கு எட்டாவது மாதம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தோம். அவள் வீட்டுக்காரர் ஆனந்தராஜுக்கு விழுப்புரத்தில் செல்போன் கடை. பழைய கார் என்றால் மனுசனுக்குப் பைத்தியம். திண்டிவனத்தில் ஒருத்தன் மாருதி 800-இல் முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின் வைத்திருக்கிறான், அதை வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"கொழந்தைய ஆஸ்பத்திரியிலேர்ந்து அதுலதான் கூட்டினு வருவேன் மாமா."

அவ்வளவு சின்ன காருக்கு எதற்கு ரெண்டு எஞ்சின்? ஏமாற்று வேலை என்று அப்போதே நினைத்தேன். அதனால்தான் கூடப் போனேன்.

பட்டறை மரக்காணம் ரோட்டில். வைத்திருந்தவன் ஆரோக்கியராஜ். ஐம்பது வயசு இருக்கும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளை வண்டி. முன் பானட்டைத் தூக்கிக் காட்டினான். ஒரு எஞ்சின் இருந்தது. சரி. பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் பலகைப் பெட்டி. மேலே ரெக்சின். சுற்றிலும் திருகாணி.

"தொறந்து காட்டுப்பா."

"ஓட்டிப் பாத்துட்டு வாங்க பெரியவரே. வந்ததும் தொறக்கிறேன்."

"ஏன், இப்ப தொறந்தா பறந்துடுமா?"

அவன் என்னை விட்டுத் திரும்பினான். மாப்பிள்ளையிடம், "மேல மெத்தை போட்டுக்கலாம் சார். பொம்பளைங்க சொகமா குந்திக்கினு வருவாங்க" என்றான்.

அந்தப் பலகை மேல் என் மகள் கைக்குழந்தையோடு உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

மணி பன்னிரண்டு. உச்சி வெயில். மாப்பிள்ளை ஓட்டினார். நான் பக்கத்தில். பெருமுக்கல் பக்கமாகப் போனோம். கேட்டது ஒரே எஞ்சின் சத்தம்தான்.

"பாத்தீங்களா மாப்ள. பொட்டியில ஒண்ணும் கெடையாது. நாமம் போட்றான்."

அவர் முகம் சுண்டிப்போனது.

பெருமுக்கல் மலை தெரிந்தது. அப்போதுதான்... என் முதுகுக்குப் பின்னால் ஏதோ இருமியது. குர்ர்... குர்ர்... பிறகு பிடித்துக்கொண்டது. வண்டி முன்னால் பாய்ந்தது. பின்னாலிருந்து தள்ளிய மாதிரி.

"இப்ப இன்னா சொல்றீங்க மாமா?" மாப்பிள்ளை சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் ஓடினால் பலகை அதிர வேண்டாமா? ரெக்சின் மேல் படிந்திருந்த தூசி கூட அசையவில்லை. கையை வைத்துப் பார்த்தேன்.

அந்த வெயிலில்... சில்லென்று இருந்தது.

"மெதுவா போங்க."

"நான் காலை எடுத்துட்டேன் மாமா."

வேகம் குறையவில்லை.

பிரேக்கை மிதித்தார். டயர் கத்தியது. வண்டி இழுத்துக்கொண்டே போனது.

சாவியைத் திருகினார். முன் எஞ்சின் நின்றது.

பின்னால் உறுமல்... இன்னும் ஏறியது.

எதிரே ஏரிக்கரை வளைவு. மதகுச் சுவர்.

ஷேர் ஆட்டோவில் இறங்க வேண்டுமென்றால் மேலே தட்டுவோமே, அந்தப் பழக்கம். கை தானாகக் கூரைக்குப் போனது.

டப். டப்.

சத்தம் நின்றது.

வண்டியும் நின்றது. மதகுச் சுவர் கைக்கெட்டும் தூரம். அதில் பழைய வெள்ளைப் பெயின்ட் இழுபட்டிருந்தது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வரலாம் என்றேன். "ஊரான் பொருள் மாமா" என்று மாப்பிள்ளை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். திரும்பும்போது முன் எஞ்சின் மட்டும்தான் ஓடியது.

பட்டறையில் இறங்கியதும், "தொற" என்றேன்.

ஆரோக்கியராஜ் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினான். பலகையைத் தூக்கினான்.

உள்ளே ரெண்டு மணல் மூட்டை. வேறொன்றும் இல்லை.

"வேற எஞ்சின் வெச்சித் தரலாம்னுதான்..." என்று இழுத்தான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். லூர்துமேரி. அவன் தம்பி தென்னரசின் சம்சாரம். "அந்த எஞ்சின போன வருஷமே கழட்டிட்டாங்க. பாரத்துக்கு மணல் வெச்சிருக்குது" என்றாள்.

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்புறம் எப்படி நின்னுச்சி?"

"கூரையத் தட்னேன்" என்றேன்.

"ரெண்டு தட்டா?"

தலையாட்டினேன். அவள் ஆரோக்கியராஜைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். ஆரம்பத்தில் பின் எஞ்சினுக்குத் தனி ஆள் வேண்டுமாம். அண்ணன் முன்னால் ஓட்டுவான். தம்பி பின்னால் குந்திக்கொண்டு அந்த எஞ்சினைப் பார்ப்பான். அங்கிருந்து ரோடு தெரியாது. சத்தத்தில் பேச்சும் கேட்காது. அண்ணன் கூரையை ரெண்டு தட்டுத் தட்டினால் தம்பி அணைக்க வேண்டும். போன வருஷம் அதே மதகில் மோதி, எஞ்சின் தம்பி மேல் சாய்ந்து, அவன் அங்கேயே செத்துப்போனான்.

"அன்னிக்கு இவரு தட்டல" என்றாள்.

"தட்னேன். அவன் காதுல வுழல" என்றான் ஆரோக்கியராஜ்.

"இந்தப் பெரியவரு தட்னது மட்டும் எப்படி வுழுந்துச்சி?"



மாப்பிள்ளை சாவியை பானட் மேல் வைத்தார். "கலைக்கு ஆட்டோவே போதும் மாமா. வாங்க."

பேய் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒயர், ஸ்பீக்கர் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். மணல்தான் ஒட்டியது. இருந்தாலும் எங்கேயோ ஒரு சூது இருக்கிறது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தோம். பின்னாலேயே வந்தான் ஆரோக்கியராஜ்.

"பெரியவரே... நான் தட்னேன். சத்தியமா தட்னேன்."

நான் நிற்கவில்லை. நம்பவும் இல்லை.