பாதி கறுத்த கண்ணாடி

எங்கள் பக்கத்து வானத்துக்கும் மண்ணுக்கும் ஆகவே ஆகாது. மண் கரிசல், மழை பெய்துவிட்டால் இன்னும் கறுத்துப்போகும். வானமோ மலை, மரம் என்று எதுவும் மறைக்காமல் அடிவானம் வரை வெள்ளையாகக் கிடக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவர மூன்று வருடமாக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மண் தெரிகிற மாதிரி எடுத்தால் வானம் சலவை வேட்டியாக வெளுத்துவிடும். மேகம் தெரிகிற மாதிரி எடுத்தால் மண் அடுப்புக்கரி ஆகிவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வாரம் முழுக்கக் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது கைகூடவில்லை என்றால் எரிச்சல் வருமா வராதா?

கடைசியில் அந்தக் கண்ணாடியை வாங்கினேன். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. மேல் பாதி கறுப்பு, கீழ்ப் பாதி தெளிவு. லென்சுக்கு முன்னால் ஒரு சட்டத்தில் செருகி, கறுப்பு முடிகிற இடத்தை வானம் முடிகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வானத்தின் வெளிச்சம் மட்டும் குறையும். மண் அப்படியே இருக்கும். கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்து தெளிகிற கண்ணாடியும் உண்டு, கோடு கிழித்த மாதிரி சட்டென்று முடிகிறதும் உண்டு. முதல் வகை மலை இருக்கிற ஊர்க்காரர்களுக்கு. எங்கள் அடிவானம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல் இருக்கும் என்பதால் கோடு கிழித்ததையே வாங்கினேன். வீட்டுக்காரர் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "பாதிதான் கலர் அடிச்சுக் குடுத்திருக்கான், மீதிய யாரு அடிப்பா?" என்றார்.

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திருச்சுழி தாண்டி நரிக்குடிப் பக்கம் போனேன். ரோட்டை ஒட்டி ஒரு கரிசல் காடு. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம். அதன் மேற்கு ஓரத்தில் இரட்டைப் பனை, பின்னால் கண்மாய்க் கரை. மேகங்கள் மூட்டை மூட்டையாக நின்றன. அவற்றின் இடுக்கில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வெறும் கறுப்பு, மேலே அத்தனை வெளிச்சம், இதற்குத்தானே கண்ணாடி வாங்கினேன் என்று குதூகலமாக வரப்பில் ஸ்டாண்டை விரித்தேன். கேமராவை மாட்டி, முதலில் மண்ணுக்கான வெளிச்ச அளவை வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் செருகினேன்.

"ஏய்! எவ அவ? எங்க காட்டுல என்ன செய்யிற?"

காட்டின் மறுகோடியில் மயில் விரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கையில் தகர டப்பாவோடு ஓடிவந்தார். அவ்வளவு கோபத்திலும் குறுக்கே இறங்காமல் வரப்போடு சுற்றித்தான் வந்தார். அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வந்த வேகத்தில் லென்சை மறித்து நின்று, ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டோ எடுக்கேன்க்கா, வேற ஒண்ணுமில்ல."

"அவனுகளும் அதத்தான் சொன்னானுக. போன மாசம் இதே மாதிரி மூணுகால் கட்டையோட வந்தானுக. சும்மா போட்டான்னானுக. மறுவாரம் அந்தா பாரு, கல்லு."

இரண்டு காடு தள்ளி, தலையில் சிவப்படித்த அளவுக்கல் ஒன்று தெரிந்தது.

"நான் அளக்க வரலைக்கா. அருப்புக்கோட்டையில எக்ஸ்ரே எடுக்கிறவ. இந்தாங்க, கார்டு."

"அவனுக கழுத்துலயுந்தான் கார்டு தொங்குச்சு."

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் போய்க்கொண்டிருந்தது. "நம்பலைன்னா நீங்களே பாருங்க" என்று கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினேன். அதைவிட முட்டாள்தனமாக நான் வேறெதுவும் செய்திருக்க முடியாது.

படம் கோணாமல் இருக்க, திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரியும்படி வைத்திருப்பேன். மட்டம் பார்க்க நடுவில் ஒரு சிவப்புக் கோடு வேறு. அவர் எட்டிப் பார்க்க நகர்ந்ததும், அத்தனை கோடுகளுக்கும் அடியில் அவர் காடு கிடந்தது.

"யாத்தே! ஒம்போது பங்காப் பிரிச்சு வச்சிருக்காளே! இந்தச் செவப்புக் கோடு என்ன, ரோடா?"

நான் சிரித்துவிட்டேன்.

அவர் கத்தவில்லை. ஸ்டாண்டின் காலை விடாமலே, "சிரி தாயி, சிரி. காடு போறவளுக்குத்தான தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

கோடுகளை எடுத்துவிடலாம் என்று கேமராவின் மெனுவுக்குள் நுழைந்தேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை போகாது என்பார்களே, அந்தக் கதை. ஒரு முறை திரையே அணைந்தது. ஒரு முறை புதிதாக இன்னும் நாலு கோடு வந்தது. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றார். ஒருவழியாக எல்லாக் கோடும் போய், காடு மட்டும் நின்றது. திரையையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்டாண்டின் காலை விட்டார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகுதான் விஷயம் வந்தது. தரிசாகக் கிடக்கிற நிலமாகப் பார்த்து எடுத்து, அங்கே ஏதோ தொழிற்பேட்டை வரப்போகிறதாம்.

"ரெண்டு வருசமா மழையில்லாம கரம்பாக் கெடந்துச்சு. அதப் பாத்துட்டுத் தரிசுன்னு எழுதிட்டானுக. இப்ப வெதச்சிருக்கோம்னா, சரி, காட்டுங்கன்றாக. மொளச்சு எட்டு நாளுதான் ஆச்சு, அதுக்குள்ள எந்தக் காகிதத்துல ஏறும்? நாளைக்குப் பத்து மணிக்கு ஆபிசர் விசாரிக்க வாராக. எங்க வீட்டுக்காரவுக நேத்துப் பொழுதுசாய போன்ல எடுத்து, கடையில குடுத்துப் போட்டுட்டு வந்தாக. இதப் பாரு."

இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பு. நடுவில் எரிந்த குச்சி மாதிரி இரண்டு பனை. நான் மூன்று வருடமாக எடுத்துக் குப்பையில் போட்ட அதே படம்.

"இதுல பயிரு எங்கக்கா?"

"அதத்தான் தாயி நானும் கேக்கேன். படிச்சவ ஒனக்கே தெரியல. அவுகளுக்கு எங்க தெரியப் போகுது?"

குனிந்து பார்த்தேன். என் காலடியில் ஒரு சாண் தள்ளி உளுந்து முளைத்திருந்தது. இரண்டிரண்டு இலை, சால் சாலாக, பனை வரைக்கும். அவர் ஏன் வரப்பைச் சுற்றி ஓடிவந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் நின்று வெளிச்சம் பார்த்த என் கண்ணில் அது படவே இல்லை. வெறும் கறுப்பு மண் என்று நினைத்துத்தான் நானும் ஸ்டாண்டை விரித்திருந்தேன். தரிசு என்று எழுதியவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் காலை நேரமாக இருந்தால் இந்தக் கண்ணாடியே வேண்டாம். அவர்கள் போனே போதும். ஆனால் காலையில் எடுத்து, பிரிண்ட் போட்டு, பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்க்க முடியாது. இருந்தது அந்த வெளிச்சம்தான். பயிர் மட்டும் தெரிந்தாலும் போதாது. இரட்டைப் பனையும் கண்மாய்க் கரையும் தெரிந்தால்தான் அது அவர் காடு என்று ஒத்துக்கொள்வார்கள்.

ஸ்டாண்டைத் தரையோடு தாழ்த்தினேன். கண்ணாடியைச் சட்டத்துக்குள் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சற்று இறங்கினால் கடைசிச் சால்கள் இருட்டில் போயின. சற்று ஏறினால் கரைக்கு மேல் வெள்ளையாக ஒரு பட்டை எரிந்தது. சரியாக நிறுத்தியபோது, சூரியன் கண்ணாடியில் பட்டு படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. சொல்லாமலே அவர் தகர டப்பாவை உயர்த்தி நிழல் பிடித்தார்.

"அசையாதீங்க. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கோங்க" என்றேன். பழக்கதோஷம். அவர் நிஜமாகவே பிடித்துக்கொண்டார்.

எடுத்ததைத் திரையில் காட்டினேன். மேகம் மேகமாக இருந்தது. பனை பனையாக இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு சாலும் பச்சையாக ஓடியது. அவர் விரலை வைத்துச் சால் சாலாகப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா, மயிலு தின்ன எடங்கூடத் தெரியுதே. இத அழிச்சிரலாமா?"

"வேணாங்க்கா. பயிரு இருந்தாத்தான மயிலு வரும்?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்றைக்கே அருப்புக்கோட்டைக்கு வந்து ஒரு ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். அவரிடம் சொல்லி வைத்திருந்தபடி, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கவரைக் கொடுத்து, "ரெட்டைப் பனைகிட்ட ரோட்டுல ஒரு அக்கா நிக்கும், குடுத்துருங்க" என்றேன். "குடுங்க" என்று வாங்கி டிக்கெட் பைக்குள் செருகிக்கொண்டார். பஸ் போன பிறகுதான், அந்த அக்காவிடம் போன் நம்பர்கூட வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் போகவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தல்குடிப் பக்கம் போனேன், மல்லாங்கிணறு பக்கம் போனேன். அங்கேதான் வானம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் பொய் சொன்னேன். உண்மையில் பயம். கவர் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, படத்தைப் பார்த்தார்களோ இல்லையோ. போய் நின்று, உளுந்து இருந்த இடத்தில் கல்லைப் பார்த்தால் என்ன செய்வேன்? ஒவ்வொரு முறை கண்ணாடியைச் செருகும்போதும் டப்பாவைத் தூக்கிப் பிடித்த அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். இருமல் என்று நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு ஒருவர் வந்தார். வெளியே கூட்டம். நான் சீட்டைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. தகட்டோடு நெஞ்சை ஒட்டி நிற்கவைத்துவிட்டு, உள்ளே வந்து, "அசையாதீங்க. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கோங்க" என்றேன். பொத்தானை அமுக்கிய நொடியில் அவர் தோள் குலுங்கியது. படம் ஆடிப்போய்விட்டது.

"ஏம்மா, சிரிக்கவா சொன்னேன்?" என்று கோபமாக வெளியே வந்தேன்.

"ஏத்தா, நீயா!" என்று திரும்பினார். அதே முகம்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "காடு என்னக்கா ஆச்சு?"

"விட்டுட்டாகம்மா! எங்க காட்ட விட்டுட்டுத்தான் எடுக்காகளாம். காகிதம் முந்தாநாள்தான் வந்துச்சு. ஒன் போட்டாவ அந்த ஆபிசர் எம்புட்டு நேரம் பாத்தாக தெரியுமா? மயிலு தின்ன எடத்தத் தொட்டுப் பாத்துட்டு, 'இது என்னம்மா?'ன்னாக. பயிரு இருந்தாத்தானய்யா மயிலு வரும்னேன்."

கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது இறங்கியது. அவர் என் முதுகைத் தட்டி, "உளுந்தும் எடுத்தாச்சு. அடுத்த தடவ வாரப்ப ஒனக்கு ஒரு படி" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மறுபடி நிற்கவைத்து எடுத்தேன். இந்த முறை ஆடவில்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றாலும், இத்தனை வருடத்தில் எனக்கும் கொஞ்சம் தெரியும். நெஞ்சு இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தது. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"யாத்தே, இங்கயும் கோடு கோடாப் போட்டு வச்சிருக்கியே!"

"அது ஒங்க வெலா எலும்புக்கா" என்றேன். "யாரும் அளக்கல."